நாற்பது ஷில்லிங் நீதி

"வெள்ளைக்காரன் காலத்துல எவனாவது வித்தவுட்ல போக முடியுமா?" ரயிலைப் பற்றி யார் பதிவு போட்டாலும் கீழே இந்தக் கேள்வியோடு ஒருவர் வந்துவிடுகிறார். போயிருக்கிறார்கள் ஐயா. வெள்ளைக்காரனே அவன் சொந்த ஊரில் போயிருக்கிறான். சீட்டுக்கடியில் படுத்துக்கொண்டு, பழைய டிக்கெட்டை மறுபடி காட்டி, மூன்றாம் வகுப்புக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து. இல்லையென்றால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1840களிலிருந்து இதற்கென்று சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டிருக்குமா?

அந்தச் சட்டங்களைப் படித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. திருட்டின் அளவைவிட, யார் திருடினார், யாரிடம் பிடிபட்டார் என்பதுதான் தண்டனையைத் தீர்மானித்திருக்கிறது. ரயில்வே கம்பெனியே புகார்தாரர், அதுவே போலீஸ், வழக்குத் தொடுப்பதும் அதுவே. பிரிட்டிஷ் ரயில்வேயின் நேர்மை என்று நாம் மெச்சுவதில் பாதி இந்த ஏற்பாட்டினால் வந்த பயம்தான் என்பது என் கருத்து.

1845-இல் வந்த ரயில்வே சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் இல்லாமல் ஏமாற்றிப் பயணம் செய்தால் 40 ஷில்லிங் வரை அபராதம். தண்டவாளத்தைக் கடந்து வயலுக்குப் போகிற விவசாயி கேட்டைச் சரியாகச் சாத்தித் தாழ் போடவில்லையா, அதற்கும் 40 ஷில்லிங் வரை. இந்தத் தொகையை வார்ப்பிரும்புப் பலகைகளில் வார்த்து ஊர் ஊராக நட்டு வைத்தார்கள். இன்று அந்தப் பலகைகளைப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் ஏலத்தில் போட்டி போட்டு வாங்குகிறார்கள். அன்று அதைப் படித்தவனுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். 1850 வாக்கில் இங்கிலாந்தில் ஒரு பண்ணைத் தொழிலாளியின் வாரக் கூலி பத்து ஷில்லிங்கைத் தொட்டால் பெரிது. 40 ஷில்லிங் என்றால் ஒரு மாதச் சம்பளம். கட்ட முடியாதவன் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். கையில் காசுள்ளவனுக்கு வெறும் அபராதமாக இருந்த அதே பிரிவு, இல்லாதவனுக்குச் சிறைத்தண்டனை ஆனது.

யார் பிடிக்கலாம்? போலீஸ் மட்டும் என்று நினைக்காதீர்கள். கம்பெனியின் எந்த ஊழியரும் பிடித்து வைக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. கம்பெனிகள் சொந்தமாகக் கான்ஸ்டபிள்களும் வைத்திருந்தன. சிக்னல் கம்பங்கள் வருவதற்கு முன் தண்டவாள ஓரம் நின்று ரயிலுக்குக் கை காட்டியவர்களும் அவர்கள்தான்.

சரக்கு வண்டியிலிருந்து எதையாவது உருவிய சிறுவர்களின் கதை இன்னும் மோசம். 1847 சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்டவனின் சில்லறைத் திருட்டை ஜூரி இல்லாமல் இரண்டு மாஜிஸ்ட்ரேட்டுகளே விசாரித்து முடிக்கலாம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது பிரம்படி.

கம்பெனிக்கு வெளியாள் மேல் இருந்த சந்தேகத்தைவிடச் சொந்த ஊழியர் மேல்தான் சந்தேகம் அதிகம். நம்மில் பலர் சின்ன வயதில் சேர்த்து வைத்த அந்தக் கெட்டி அட்டை டிக்கெட் பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் எட்மண்ட்சன். நியூகாசில் - கார்லைல் ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். அதுவரை டிக்கெட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுதுகிறவர் நினைத்தால் காசை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம், கணக்கில் தெரியாது. எட்மண்ட்சன் 1830களின் கடைசியில் ஒவ்வொரு அட்டைக்கும் வரிசை எண் போட்டார். சாயங்காலம் எண்ணைக் கழித்துப் பார்த்தால் எத்தனை விற்றது, எவ்வளவு காசு இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆண்டுக்கு மைலுக்குப் பத்து ஷில்லிங் என்று கம்பெனிகளிடம் உரிமத்தொகை வாங்கி மனிதர் நன்றாகவே பிழைத்தார். கம்ப்யூட்டர் வரும் வரை நம் ஊர் கவுன்டர்களிலும் அவருடைய முறைதான்.

ஊழியர் திருடினால் என்ன ஆகும் என்பதற்கு 1855 தங்கக் கொள்ளை நல்ல சாட்சி. சில்லறைத் திருட்டு இல்லைதான், ஆனால் தண்டனையின் கணக்கைக் காட்டுகிறது. லண்டனிலிருந்து ஃபோக்ஸ்டோனுக்குப் போன ரயிலில் சுமார் 12,000 பவுண்டு மதிப்புள்ள தங்கத்தை எடுத்துவிட்டு, எடை சரியாக இருக்க ஈயக் குண்டுகளைப் போட்டு மூடினார்கள். திட்டத்தின் மூளைகளில் ஒருவர் வில்லியம் பியர்ஸ். ரயில் கார்டாக இருந்த பர்ஜஸும் அலுவலக கிளார்க் டெஸ்டரும் உதவியவர்கள். வேலியே பயிரை மேய்ந்த வழக்கு. 1857-இல் தீர்ப்பு வந்தது. உதவிய ஊழியர்கள் இருவருக்கும் 14 ஆண்டு நாடுகடத்தல். பியர்ஸுக்கு இரண்டே ஆண்டு கடுங்காவல். காரணம், அந்த நேரத்தில் அவர் கம்பெனி ஆள் இல்லை. சாதாரணத் திருட்டுக்குச் சட்டம் அனுமதித்தது அவ்வளவுதான். தீட்டியவன் இரண்டு வருடத்தில் வெளியே, கதவு திறந்துவிட்டவன் கப்பலில்.

அபாயச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. 1864-இல் தாமஸ் பிரிக்ஸ் என்ற வங்கி அதிகாரி ஓடும் ரயிலில் முதல் வகுப்புப் பெட்டியில் கொல்லப்பட்டார். ஒவ்வொரு அறையும் தனித்தனியாக மூடிக் கிடந்த காலம், கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அப்புறம் 1868 சட்டம், 20 மைலுக்கு மேல் நிற்காமல் போகும் ரயில்களில் பயணி ரயில்காரர்களைக் கூப்பிட ஒரு வழி வைக்கச் சொன்னது. கையோடு, 'நியாயமான, போதுமான காரணமின்றி' அதைப் பயன்படுத்தினால் ஐந்து பவுண்டு வரை அபராதம் என்றும் சொன்னது. அந்தச் சொற்கள் அப்படியே நம் 1989 ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவில் இருக்கின்றன. அபராதம் மட்டும் 1000 ரூபாய் வரை, ஓராண்டு வரை சிறையும் உண்டு.

இனி 1889. அந்த ஆண்டு ஜூனில் அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே ஞாயிறுப் பள்ளிக் குழந்தைகள் போன உல்லாசப் பயண ரயில் விபத்தில் சிக்கி 80 பேர் இறந்தார்கள். நாடே கொதித்தது. அதன் விளைவாகத் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது. குழந்தைகளின் சாவில் பிறந்த அதே சட்டத்தில் ஐந்தாவது பிரிவாக டிக்கெட் இல்லாப் பயணமும் உள்ளே நுழைந்தது. ஏமாற்றும் எண்ணத்தோடு பயணித்தால் முதல் முறை 40 ஷில்லிங் வரை. மறுபடி சிக்கினால் 20 பவுண்டு வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை.

இந்தப் பிரிவில் மாட்டியவர்களில் எனக்கு மறக்க முடியாதவர் சி.இ.எம். ஜோட். லண்டன் பர்க்பெக் கல்லூரியின் தத்துவத்துறைத் தலைவர். 1933-இலேயே நம் ராதாகிருஷ்ணனின் தத்துவத்தைப் பற்றி முழுப் புத்தகம் எழுதியவர். யுத்த காலத்தில் பிபிசி வானொலியின் கேள்வி பதில் நிகழ்ச்சியில் வந்து வீட்டுக்கு வீடு தெரிந்த குரலாகிவிட்டார். எதைக் கேட்டாலும் "அது நீங்கள் எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது" என்று ஆரம்பிப்பார். இத்தனை பெருமையும் உள்ள மனிதருக்கு ரயிலில் காசு கொடுக்காமல் போவதில் ஓர் அலாதி இன்பம். 1948-இல் வாட்டர்லூவிலிருந்து எக்ஸெடர் போகும் ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டார். நடுவில் சாலிஸ்பரியில்தான் ஏறினேன் என்றார். பொய் நிற்கவில்லை. ஏப்ரலில் தீர்ப்பு: இரண்டு பவுண்டு, அதாவது அதே 40 ஷில்லிங். வழக்குச் செலவு 25 கினி; ஒரு கினிக்கு 21 ஷில்லிங், ஆக 525 ஷில்லிங்.

பணம் அவருக்குப் பெரிதில்லை. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன, பிபிசி நீக்கியது, பிரபு பட்டம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் போயிற்று. 1953-இல் இறந்துபோனார். எனக்கு அவர்மேல் பெரிய இரக்கம் இல்லை. வசதி இருந்தும் வேண்டுமென்றே செய்தவர். ஆனால் இந்த வழக்கை 'அங்கே சட்டம் முன் எல்லோரும் சமம்' என்பதற்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள் பாருங்கள், அது எனக்கு ஒப்பவில்லை. ஜோடைத் தண்டித்தது புகழ். புகழ் இல்லாத எத்தனையோ பேரை அதே 40 ஷில்லிங் சத்தமில்லாமல் ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறது.

பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 1890-இன் ரயில்வே சட்டத்தை நாம் 1989-இல் மாற்றிவிட்டோம். பிரிட்டனில் 1889-இன் ஐந்தாம் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. நார்தர்ன், கிரேட்டர் ஆங்கிலியா உள்ளிட்ட கம்பெனிகள் அந்தப் பிரிவில் ஆயிரக்கணக்கான வழக்குகளை, ஒரே ஒரு மாஜிஸ்ட்ரேட் மூடிய அறையில் காகிதத்தைப் பார்த்தே முடித்துவிடும் விரைவு முறையில் போட்டன. அந்தப் பிரிவுக்கு அந்த முறையைப் பயன்படுத்தவே அவர்களுக்கு அனுமதி இல்லை. கோர்ட்டும் கவனிக்காமல் வரிசையாகத் தண்டித்துத் தள்ளியது. 2024 ஆகஸ்டில் தலைமை மாஜிஸ்ட்ரேட் பால் கோல்ட்ஸ்பிரிங் அவை செல்லாது என்று தீர்ப்பளித்தார். சுமார் 74,000 தண்டனைகள். இதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, லண்டனில் பெரிய முதலீட்டு நிறுவன அதிகாரி ஒருவர் வருடக்கணக்கில் அரைகுறைக் கட்டணத்தில் பயணம் செய்து பிடிபட்டபோது, சுமார் 43,000 பவுண்டைத் திருப்பிக் கட்டினார். வழக்கே போடவில்லை. வேலைக்குத் தடை வந்தது தனிக்கதை, அது நிதித்துறைக் கட்டுப்பாட்டாளர் போட்டது.

வித்தவுட்டில் போவது சரி என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் இல்லையா, கட்டணத்தையும் அதற்குமேல் அபராதத்தையும் அங்கேயே வாங்குங்கள், நம் டிடிஇ செய்வது போல. ஒருவர் மேல் குற்றவாளி என்ற முத்திரை குத்த வேண்டுமென்றால் மட்டும், அந்த வழக்கைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் டிக்கெட் விற்கும் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவராக இருக்கக்கூடாது.