பீட்டர் பக்கை மறந்துவிட்டீர்களே!

இசைத்தட்டுக் கடை ஊழியர்களின் ரசனை பற்றிய கட்டுரையில் ராக் கிதார் கலைஞர் பீட்டர் பக்குக்கு ஒரு வரிகூட இல்லையே! அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் நகரின் வக்ஸ்ட்ரி ரெக்கார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தவர் அவர். பக் தனக்கென்று ஒதுக்கி வைத்த தட்டுகளையே தேடி வந்து வாங்கிப்போனார் ஓவியம் படித்த ஒரு மாணவர், மைக்கேல் ஸ்டைப். அமெரிக்க ராக் பாடகி பேட்டி ஸ்மித் என்றால் அந்த மாணவருக்கு உயிர். கடைப் பழக்கம் நட்பாகி, 1980இல் இருவரும் இடம்பெற்ற ஆர்.இ.எம். ராக் இசைக்குழு பிறந்தது.

பக்கின் கிதாரில் 1960களின் அமெரிக்க ராக் குழுவான பேர்ட்ஸின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். தந்திகளை மொத்தமாக வருடாமல் ஒவ்வொன்றாகச் சுண்டிவிடுவார். ஆர்.இ.எம்.மின் 'மர்மர்' (1983) ஆல்பம் முழுக்க இதே கதைதான். நீண்ட தனி ஆவர்த்தனம் மட்டும் அவருக்கு ஆகாது. கடையில் நாள் முழுக்க மற்றவர்களுடையதைக் கேட்டே சலித்திருப்பார் போலும்!