டிசியைக் கடைசியில் வாங்கு, தம்பி

அந்த ரீல்ஸை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. "செகண்ட் இயர்ல காலேஜுக்கு டாட்டா, ஜெர்மனில ஃப்ரீ படிப்பு" என்று அதில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அதன் கீழே நான் போட்ட நாலு வரிக்கு வந்த பதில்களையும் பார்த்தாச்சு. பூமர், வயித்தெரிச்சல், "கல்லூரி முதலாளிகிட்ட எவ்ளோ வாங்கினீங்க?" நல்லது.

நான் சொன்னது ஒன்றுதான். விசா கைக்கு வரும் முன் டிசி வாங்காதே. போகாதே என்று எங்கே சொன்னேன்?

ஜெர்மனி நம் பிளஸ் டூவை மட்டும் வைத்து நேரடி இடம் தருவது அபூர்வம். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டை முழுசாகத் தேறி, அதே துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தப் படிப்பு. அதற்கே நுழைவுத் தேர்வு உண்டு, உள்ளே போனால் இரண்டு செமஸ்டர், கடைசியில் இன்னொரு தேர்வு. அதாவது நீ வெறுக்கிற அந்த முதலாம் ஆண்டுதான் உனக்கு அனுமதிச் சீட்டு. கணக்குப் பேப்பரில் அரியர் வைத்துவிட்டு "எப்படியும் விடத்தானே போறேன்" என்று எழுதாமல் விடுகிறவன் அந்தச் சீட்டைத் தானே கிழிக்கிறான். ரீல்ஸில் இது வராது. முப்பது விநாடியில் எங்கே வரும்?

அப்புறம் வரிசை. முதலில் மொழி. இளங்கலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான். பூஜ்யத்திலிருந்து சி1 வரை, அதாவது கல்லூரிப் பாடத்தைப் புரிந்துகொள்ளும் உயர்நிலை வரை போக, முழுநேரமாக உட்கார்ந்தாலும் ஓராண்டு என்பது வேகமான கணக்கு. அடுத்து ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது உன் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது: 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். பிறகு பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட்: முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள். ஏபிஎஸ் தாமதமானால் அந்தத் தேதி போய்விடும், அதோடு பெரும்பாலும் ஒரு வருடமும். இடம் கிடைத்தபின் முடக்கக் கணக்கு (செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு, மாதாமாதம்தான் எடுக்க முடியும்), பிறகு விசா. இதில் எந்தப் படியிலும் சறுக்கலாம். சறுக்கும்போது கல்லூரியில் உன் பெயர் இருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், டிசி கடைசியில்.

"இலவசம்" என்ற அந்தச் சொல்லுக்கு வருவோம். முடக்கக் கணக்கில் முதல் வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே சுமார் 12 லட்சம். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து இளங்கலைக்கு செமஸ்டருக்கு 2,000 முதல் 3,000 யூரோ வரை வாங்குகிறது. ரொம்ப நல்ல இலவசம்.

வருடக் கணக்கும் போட்டுப் பாருங்கள். இரண்டாம் ஆண்டு முடித்தவன் இங்கேயே பி.இ. முடிக்க இரண்டு வருடம், அங்கே மாஸ்டர்ஸ் இரண்டு வருடம். நாலு வருடத்தில் முதுகலை. மாஸ்டர்ஸில் ஆங்கிலவழிப் படிப்புகளும் அதிகம். இப்போதே விட்டால் மொழிக்கு ஒரு வருடம், இளங்கலைக்கு மூன்று, மூன்றரை. அதே நாலு, நாலரை வருடத்தில் கையில் இளங்கலைதான். இங்கே படித்த பேப்பர்களை அங்கே ஏற்பார்களா என்பதைத் துறையின் தேர்வுக் குழு முடிவு செய்யும். ரீல்ஸ்காரர் அல்ல.

"காலேஜ்ல ஒண்ணுமே சொல்லித் தரதில்லையே அண்ணா?" ஒத்துக்கொள்கிறேன். பல இடங்களில் அப்படித்தான்.

"மன உளைச்சல்ல இருக்கிறவனும் உட்கார்ந்து முடிக்கணுமா?" இல்லை. அவன் ஜெர்மனிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். உடல்நிலை போன்ற காரணங்களுக்கு அண்ணா பல்கலைக்கழக விதிகளில் தற்காலிகமாகப் படிப்பை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. கல்லூரி முதல்வர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பி.இ. முடிக்க 14 செமஸ்டர் வரை அவகாசமும் உண்டு. ஓய்வெடு, மருத்துவரைப் பார். உளைச்சலில் இருப்பவனை மொழி தெரியாத ஊரில் நவம்பர் இருட்டில் தனியாக இறக்கிவிடுவதா வைத்தியம்?

"ஏஜென்ட் எல்லாத்தையும் பாத்துப்பாரு." பார்ப்பார், பார்ப்பார். தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன் வரும். அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் வராது. எதைக் காட்டுவார் என்று நீங்களே யோசியுங்கள்.

என்னைக் கல்லூரிகளின் கைக்கூலி என்றவருக்கும் பதில் உண்டு. விலகுகிற பையனிடம் மீதி வருடங்களின் ஃபீஸையும் கட்டு, அப்போதுதான் ஒரிஜினல் மார்க்‌ஷீட் என்று மிரட்டுகிற கல்லூரிகளைப் பற்றி அந்த வீடியோவில் ஒரு வார்த்தை உண்டா? ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. மீதி வருடங்களின் கட்டணம் கேட்கக் கூடாது என்பது ஏஐசிடிஇ விதி. மிரட்டினால் எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் எழுத்தில் தர மாட்டார்கள். அதுவும் தெரியாமல் அப்பாக்கள் நகையை அடகு வைத்து மீதி ஃபீஸைக் கட்டிவிட்டு, மகனுக்கு ஏபிஎஸ் கட்டக் காசில்லாமல் நிற்கிறார்கள். வயிறு எரிகிறதுதான். அதற்காக எரிகிறது.

நர்சிங், ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி எல்லாம் வேறு கணக்கு, வேறு விசா. அதைக் கமெண்டில் கேட்காதீர்கள். "பூமர்" என்று எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதலாம், ஏபிஎஸ்ஸுக்கு விண்ணப்பித்த பிறகு.