ஓட்டி விட்டுட்டீங்களே

ஞாயிற்றுக்கிழமை நம் குறும்படத் திரையிடலில் ஒரு படத்தை நடுவில் ஓட்டி விட்டதை, அதாவது பார்க்காமல் தாண்டிப் போனதைப் பற்றி மூன்று நாளாக ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் "ஸ்லைடு ஷோவை ஓட்டி விட்டதுக்கு இவ்வளவு அழுகையா?" என்று நேற்று ஒருவர் போட்ட பதிவுக்கு, அன்றைக்கு என் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களே லைக் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தபிறகு முடியவில்லை.

அது ஸ்லைடு ஷோ இல்லை. பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1962-இல் எடுத்த 'லா ஜெத்தே'. 28 நிமிடப் படம். மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்துபோய், மிஞ்சியவர்கள் நிலத்தடியில் கிடக்கிறார்கள். அங்கே ஒரு கைதி. சிறுவயதில் ஓர்லி விமான நிலையத்தில் பார்த்த ஒரு பெண்ணின் முகம் அவனை விட்டுப் போகவில்லை. அந்த ஒரு நினைவைப் பிடித்துக்கொண்டு அவனைக் காலத்தில் பின்னால் அனுப்புகிறார்கள். எல்லாமே அசையாத புகைப்படங்கள். ஒரு குரல் கதை சொல்லிக்கொண்டே வரும். பாதி தாண்டிய பிறகு, அந்தப் பெண் தூங்குகிற படங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து வரும். பறவைச் சத்தம் கூடிக்கொண்டே போகும். அப்போது அவள் கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்து இமைப்பாள். மொத்தப் படத்திலும் அசைகிற இடம் அது ஒன்றுதான். சில நொடி.

அந்தச் சில நொடியைத்தான் தாண்டிப் போனோம். பின்வரிசையிலிருந்து "ஓட்டி விடுங்க தம்பி" என்று ஒரு குரல் வந்தது, நாலு பேர் சிரித்தார்கள், லேப்டாப்பில் இருந்த பையன் அம்புக்குறியைத் தட்டிவிட்டான். அவ்வளவுதான். முதல்முறை பார்க்க வந்தவர்கள் அவள் கண் திறந்ததைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அது ஸ்லைடு ஷோதான். நாம்தான் அப்படி ஆக்கிக் கொடுத்தோம்.

பிடிக்கவில்லை என்றால் எழுந்து போங்கள், யாரும் தடுக்கவில்லை. போனைப் பாருங்கள், தூங்குங்கள். ஆனால் படத்தை ஓட்டி விடாதீர்கள். மூன்று மணி நேரப் படத்தில் ஒரு பாட்டை ஓட்டிவிட்டால் கதை கெடாது. இந்த மாதிரிப் படங்களில் இயக்குநர் எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார் என்பதுதான் படமே. பதினைந்து நிமிடத்துக்கு மேல் அசையாத முகங்களையே பார்த்துப் பழகியவனுக்குத்தான் அந்த இமை அசைவு உடம்பில் ஏறும்.

"இது மேட்டிமைத்தனம், எல்லோருக்கும் புரிகிற படம் போடுங்கள்" என்கிறார்கள். அன்றைக்கு முதலில் போட்டது என்ன? யோரிஸ் ஈவன்ஸின் 'மழை'. 1929, ஆம்ஸ்டர்டாம். மழை வருகிறது, குடை விரிகிறது, டிராம் கண்ணாடியில் தண்ணீர் ஓடுகிறது, மழை விடுகிறது. வசனமே இல்லாத ஊமைப்படம். மழை புரியாதவர் யார்? அடுத்தது ஸ்டான் பிராக்கேஜின் 'மாத்லைட்', 1963. கேமராவே கிடையாது. விட்டில்பூச்சிச் சிறகு, பூவிதழ், புல் இவற்றை இரண்டு ஒட்டுநாடாவுக்கு நடுவில் வைத்து ஒட்டி, அதைப் படச்சுருளில் அச்செடுத்துத் திரையிட்டார். நாலு நிமிடம்கூட இல்லை. அதற்கு "புரொஜக்டர் ரிப்பேரா?" என்று கேட்டார்கள். சரி, கேட்கட்டும், தெரியாமல் கேட்பதில் தப்பில்லை. விளக்கில் விழுந்து செத்த பூச்சியைத் திரும்ப வெளிச்சத்தில் பறக்க விட்டிருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்தப் பாட்டிக்கும் புரிந்திருக்கும். முன்னால் எழுந்து அதைச் சொல்ல ஆள் ஏற்பாடு செய்யவில்லை, அது நம் தவறு. ஒத்துக்கொள்கிறேன்.

"வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வருகிறோம்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நானும் வேலைக்குத்தான் போகிறேன்.

நம் ஊரில் குறும்படம் என்றாலே தயாரிப்பாளரிடம் காட்டுகிற விசிட்டிங் கார்டு என்று ஆகிவிட்டது. பெரிய படம் கிடைத்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். அதனால்தான் ஒருவர் 22 நிமிடத்தில் தன் வாழ்க்கையையே வைத்திருக்கலாம் என்பது நமக்கு ஏறவே இல்லை. ஆமாம், கடைசியாகப் போட வேண்டியிருந்த படத்தைச் சொல்கிறேன். "நேரமாயிடுச்சு" என்று போடாமலே விட்டீர்களே, அது.

ஃபோரூக் ஃபரோக்ஸாத், ஈரானியக் கவிஞர். அவர் இயக்கிய ஒரே படம் 'அந்த வீடு கருப்பு'. ஈரானில் தப்ரீஸ் நகரத்துக்கு அருகே தொழுநோயாளிகள் குடியிருப்பில் 1962-இல் எடுத்தார். மறு வருடம் ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில் பரிசு வாங்கியது. அங்கே இருந்த ஒரு பையனைத் தன் பிள்ளையாக வளர்க்கக் கூட்டிக்கொண்டு போனார். படத்தில் பள்ளிக்கூடக் காட்சி ஒன்று வரும். அழகான பொருள் சிலவற்றைச் சொல் என்று வாத்தியார் கேட்பார். நிலா, சூரியன், பூ, விளையாட்டு என்பான் பையன்.

மூன்று வருடம் முன்னால் இதை வீட்டில் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றார். பாரசீகமும் தெரியாது, ஆங்கில எழுத்தும் படிக்க வராது. ஒரு ஆள் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிற காட்சி வந்ததும், "எங்கண்ணன் இப்படித்தான் நடப்பாரு" என்றார். எனக்கு அப்படி ஒரு மாமா இருந்ததே அன்றைக்குத்தான் தெரியும். மாட்டுக்கொட்டகை ஓரம் தனிச் சாய்ப்பு, தனித் தட்டு, தனிச் சொம்பு. கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் இல்லை என்று சொல்லிவிடுவார்களாம். அம்மாவும் சொல்லியிருக்கிறார். படம் முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார், போட்டேன். நடுவில் ஒரு தடவைகூடக் கண்ணை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் இருந்தது அம்மாதான். 71 வயது, இரண்டு பஸ் மாறி வந்தார். மற்ற படங்களெல்லாம் அவருக்கு ஒட்டியதா என்று தெரியாது, ஆனால் ஒன்றைக்கூட ஓட்டி விடச் சொல்லவில்லை, தன் படம் வரும் என்று உட்கார்ந்திருந்தார். ஓட்டி மிச்சம் பிடித்த நேரத்தையும் டீ குடித்துத் தீர்த்துவிட்டு, நேரமில்லை என்றீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "நம்ம படம் போடலையேப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பதில் சொல்ல வரவில்லை. இதற்குத்தான் அழுகை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

அடுத்த மாதம் அதைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா வருகிறார். லேப்டாப் பக்கத்தில் அன்றைக்கு நான் உட்காருவேன்.