கட்டிலுக்கடியில் இருக்கும் 16-ஆம் சைஸ்

ஆடி பாதி ஓடிவிட்டது. போனைத் திறந்தால் "இந்தத் தீபாவளிக்கு மூணு மடங்கு ஸ்டாக் போடுங்க, உங்க பிசினஸே மாறும்" என்று யாராவது ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறார். என்னை மாதிரி வீட்டிலிருந்து துணி விற்கிற பெண்கள் கீழே வரிசையாக "இன்ட்ரஸ்டட்" போடுகிறார்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஈரோட்டில் இருந்துகொண்டு சின்னப் பிள்ளைகளுக்கான காட்டன் ஃபிராக் விற்கிறேன். வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும்தான் கடை. 2024 தீபாவளிக்கு முதல்முறையாக "பெரிய அளவில்" இறங்கினேன். நகையை அடகு வைத்து 300 ஃபிராக். சைஸ் 16-லிருந்து 34 வரை பத்து சைஸ், ஒவ்வொன்றிலும் முப்பது. சமமாக இருந்தால் எல்லோருக்கும் கிடைக்கும் என்று நினைத்த அறிவாளி நான்.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் முன்பே 22, 24, 26, 28 நான்கும் காலி. மூன்று வயதிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைக்குத்தானே பெற்றவர்கள் ஆசை ஆசையாக ஃபிராக் தேடுகிறார்கள்! கைக்குழந்தைக்கு மாமன், சித்தி என்று பத்துப் பேர் துணி எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். 34 போடுகிற பிள்ளைக்கு ஃபிராக்கே பிடிப்பதில்லை, குர்தி கேட்கிறது. பண்டிகை முடிந்து எண்ணினால் கையில் 83. அதில் 16 மட்டும் 26 உருப்படி, 34-இல் 24, மிச்சம் 18-உம் 32-உம்.

கணக்கைச் சொல்கிறேன். ஒரு ஃபிராக் எனக்கு விழுந்தது 310 ரூபாய். விற்ற 217-க்கும் கூரியர், கவர், விளம்பரச் செலவு எல்லாம் போக ஒன்றுக்கு 110 ரூபாய் நின்றது. ஆக லாபம் 23,870. மிஞ்சிய 83-இன் அடக்கம் 25,730. அதாவது நான் சம்பாதித்தது மொத்தமும், மேற்கொண்டு கொஞ்சமும், அட்டைப்பெட்டியில் கட்டிலுக்கடியில் படுத்திருந்தது. நகைக்கடன் வட்டி தனி.

"பொங்கலுக்குத் தள்ளிரலாம் விடு" என்றார் வீட்டுக்காரர். 19 போனது. போனதெல்லாம் 18-உம் 32-உம்தான். தீபாவளிக்கே கேட்காத சைஸைப் பொங்கலுக்கு யார் கேட்கப் போகிறார்கள்? பெரிய ஜவுளிக்கடைக்கு மிஞ்சினால் ஆடித் தள்ளுபடி இருக்கிறது. வாசலில் மேசை போட்டுக் குவித்தால் சனம் தானே வந்து கிளறும். நமக்கு அப்படியில்லை. தேங்கின சரக்கைத் தள்ளவும் போட்டோ எடுக்கணும், விளம்பரத்துக்குக் காசு கட்டணும், ஒவ்வொன்றாகப் பார்சல் கட்டணும். "மிஞ்சினா என்ன, வித்துக்கலாம்" என்று வகுப்பு எடுக்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அந்தத் தோல்வியில் உருப்படியாக ஒன்று செய்தேன். ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் "இருக்கா" என்று தேடினேன். "24 இருக்காக்கா", "26 இருக்கா சிஸ்டர்", "பாப்பாவுக்கு 22 இருக்குமாங்க" என்று வந்துகொண்டே இருந்தது. நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். 24-க்கு மட்டும் 41 பேர், 26-க்கு 37 பேர், எல்லோருக்கும் நான் "முடிஞ்சுதுங்க" என்று பதில் போட்டிருக்கிறேன். விற்றதை எண்ணினால் 24-உம் 20-உம் ஒரே மாதிரி முப்பது முப்பதாகத்தான் தெரியும். ஏனென்றால் வைத்திருந்ததே முப்பதுதான். கேட்டுக் கிடைக்காமல் போனவர்களை எண்ணிய பிறகுதான் எது ஓடுகிற சைஸ் என்று கண் திறந்தது. உங்கள் போனிலும் இது இருக்கிறது. ஒரு பைசா செலவில்லை.

இந்த விஷயத்தில் அண்ணன்-தங்கை காம்போ இன்னும் மோசம். ஒரே பிரிண்டில் பையனுக்குச் சட்டை, பெண்ணுக்கு ஃபிராக். ஸ்டாக்கில் 90 உருப்படி இருக்கும், ஆனால் சட்டை 28-உம் ஃபிராக் 22-உம் சேர்த்துக் கேட்டால் ஒன்று இருக்கும், மற்றது இருக்காது. ஒன்று இல்லையென்றால் இரண்டும் விற்காது. திரும்ப வாங்கலாம் என்று போனால் அந்த பிரிண்ட் தீர்ந்திருக்கும். அதே பிரிண்ட் கிடைத்தாலும் லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி) மாறினால் ஷேடு மாறும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோவில் அண்ணன் ஒரு நீலம், தங்கச்சி ஒரு நீலம். நான் அப்படி ஒரு பார்சல் அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அதனால் 2025-இல் வழியை மாற்றினேன். தைத்த ஃபிராக்காக வாங்கி அடுக்காமல் துணியாக வாங்கினேன். திங்கள் சாயங்காலமே கனி மார்க்கெட் ஜவுளி வாரச்சந்தைக்குப் போய் மூன்று பிரிண்டை மட்டும் ஒரே லாட்டில் மொத்தமாக எடுத்தேன். பாதியை மட்டும் வெட்டித் தைக்கக் கொடுத்தேன், அதிலும் நடு சைஸுக்கு இரண்டு பங்கு, ஓர சைஸுக்கு அரைப் பங்கு. மீதித் துணியை வெட்டாமல் பீரோ மேலே வைத்தேன். துணிக்கு சைஸ் கிடையாது பாருங்கள், அதுதான் அதன் அழகு. ஆர்டர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். பண்டிகை முடிந்தும் வெட்டாத துணி இருந்தால் அது அடுத்த மாதம் நைட்டியாகவும் ஆகும், தலையணை உறையாகவும் ஆகும். தைத்து வைத்த 34-ஆம் சைஸ் ஃபிராக் கடைசி வரை 34-ஆம் சைஸ் ஃபிராக்தான்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லிவிட்டால் பொய். இரண்டாவது வெட்டை அக்டோபர் 4-ஆம் தேதி கொடுத்தேன். 9-ஆம் தேதி வரவேண்டியது 13-ஆம் தேதி வந்தது. தையல் யூனிட்டில் என்னைவிடப் பெரிய ஆர்டர் ஒன்று உள்ளே புகுந்துவிட்டது. யூனிட் நடத்துகிற அண்ணன்மேல் கோபப்பட முடியவில்லை. "அம்மிணி, உங்க அறுபது உருப்படிக்காக நான் ரெண்டாயிரம் உருப்படிய நிறுத்தி வைக்க முடியுமுங்களா? முன்கூட்டியே நாளைப் புடிச்சுப்போட்டுப் போங்க" என்றார். நியாயம்தானே. அந்த நான்கு நாளில் போன ஆர்டர் போனதுதான். ஆனால் கடைசியில் மிஞ்சியது 21 ஃபிராக். நகையும் மார்கழிக்குள் வீட்டுக்கு வந்தது.

போன வருஷம் ஜிஎஸ்டி கூத்து வேறு. வரி குறையும் என்ற ஆகஸ்ட் 15 அறிவிப்புக்கும் அது நடைமுறைக்கு வந்த செப்டம்பர் 22-க்கும் நடுவில் ஆர்டர் அப்படியே படுத்துவிட்டது. "குறையட்டும்க்கா, அப்புறம் வாங்கறேன்" என்று ஒரே பதில். என் ஃபிராக் 520 ரூபாய். ஆயிரத்துக்கு உட்பட்ட உடுப்புக்கு அதற்கு முன்பும் ஐந்து சதவீதம்தான், பிறகும் ஐந்து சதவீதம்தான். 2,500 வரைக்கும் ஐந்து என்று ஆனதில் ஆயிரத்துக்கு மேலே விற்றவர்களுக்குத்தான் மாற்றம். இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று கேட்காதீர்கள்.

இந்த வருஷத்துக்கு வருகிறேன். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, இந்த முறை நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. "போன வருஷம் செப்டம்பரில் இவ்வளவு, அக்டோபரில் இவ்வளவு" என்று மாதக் கணக்குப் பார்த்துத் திட்டம் போட்டால் மூன்று வாரம் தப்பும். தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு என்று எண்ணுங்கள். என் நோட்டில் இப்போது தேதியே கிடையாது, "தீ-30", "தீ-20" என்றுதான் இருக்கிறது.

நவம்பர் 8 என்பதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. போன வருஷம் பண்டிகை மாதக் கடைசிப் பக்கம் வந்தது. போனஸ் வந்த வீட்டில்தான் காசு. இந்த முறை ஒன்றாம் தேதிச் சம்பளம் வாங்கிய கையோடு பண்டிகை. என் கணிப்பு, அக்டோபர் 31-லிருந்து நவம்பர் 3 வரைக்கும் ஆர்டர் கொட்டும். கொட்டுகிற அந்த நேரத்தில் கூரியர் ஆபீஸில் பார்சல் மலையாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையும் வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் பிடிப்பது, அதற்குள் நன்றாக இறங்கியிருக்கும். சென்னையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் போதும், நம் பார்சல் ஏதோ ஒரு குடோனில் நனைந்துகொண்டிருக்கும். ஆகவே தமிழ்நாட்டுக்கு நவம்பர் 3, வெளி மாநிலத்துக்கு அக்டோபர் 29 என்று கடைசித் தேதியை இப்போதே எழுதி ஒட்டிவிட்டேன். அதற்குப் பிறகு சரக்கு கையில் இருந்தாலும் தீபாவளிக்கு வந்துசேரும் என்று வாக்குக் கொடுப்பதில்லை. பண்டிகை முடிந்த மறுநாள் போய்ச் சேரும் ஃபிராக்கைவிடப் பெரிய கெட்ட பெயர் கிடையாது.

சிஓடி-யும், அதாவது பார்சல் கைக்கு வந்ததும் காசு கொடுக்கிற முறையும், அக்டோபர் 20-உடன் நிறுத்தம். இதைச் சொன்னால் "கஸ்டமர் போயிருவாங்க" என்று சண்டைக்கு வருகிறார்கள். போகட்டும். வாங்க மறுத்த பார்சல் திரும்பி வர இரண்டு வாரம் மூன்று வாரம் ஆகிறது. அதுவரை அந்த 24-ஆம் சைஸ் விற்ற கணக்கிலும் இல்லை, இருக்கிற கணக்கிலும் இல்லை, லாரியில் ஊர் சுற்றுகிறது. காசை அனுப்பத் தயாராகக் காத்திருக்கிறவளிடம் "முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறக்காதவருக்காக ஒரு ஃபிராக்கைச் சேலம் வரை அனுப்பித் திருப்பி வாங்குவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

"சோல்டு அவுட்" என்று போடக் கூச்சப்படாதீர்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். நம் மாதிரி ஆட்களுக்கு ஐந்து நாள் முன்பே சரக்குத் தீர்ந்தால் போவது கொஞ்சம் லாபம்தான். மிஞ்சினால் போவது முதல். கடையும் குடோனும் வைத்திருப்பவர் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாம், நகையை வைத்துத் தொழில் செய்கிறவள் முடியாது. வருஷம் பூராவும் வாங்குகிற சாதாரண வெள்ளைப் பனியன், ஜட்டி விற்கிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் தாராளமாக அடுக்கலாம், மிஞ்சினாலும் தை மாசத்தில் போய்விடும். நான் சொல்வது பண்டிகைத் துணிக்கு.

நேற்று யூனிட் அண்ணனிடம் ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்து அக்டோபர் 13, 14, 15 மூன்று நாளைப் பிடித்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டால் அப்புறம் இரண்டு நாள் எதுவும் ஓடாது, அதற்கு முன்னாடியே வெட்டு போய்விடணும். பணத்தை வாங்கி எண்ணிவிட்டு, "போன வருசமே இப்படிப் பண்ணியிருந்தீங்கன்னா ஏனுங்க நமக்குள்ள மனத்தாங்கல்" என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் இருந்த பழைய பெட்டியை இழுத்துப் பார்த்தேன். 2024-இன் 46 ஃபிராக் இன்னும் இருக்கிறது, அதில் 25 உருப்படி 16-ஆம் சைஸ். நாத்தனார் மகளுக்குக் கார்த்திகையில் பிரசவம். பெண்ணாகத்தான் இருக்கும் என்று ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். மீதி 24.