கடைமடை வயலையும் சேர்த்துக் கணிக்கட்டும்

ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வந்தால் விவசாயமும் வைத்தியமும் தலைகீழாக மாறிவிடும் என்று ஒரு கூட்டம், எல்லாம் வெறும் ஏமாற்று என்று இன்னொரு கூட்டம். கொஞ்ச நாளாக முகநூலில் இதே சண்டைதான். மதுரைக்காரர்கள் இதில் வாய் திறக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தத் தொழில்நுட்பம் உருப்படியாக வேலை செய்து காட்டிய இடம் நம் ஊர். அது ஏழையின் வயிற்றில் அடிக்க வாய்ப்புள்ள இடமும் நம் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறது.

முதலில் அரவிந்த் கண் மருத்துவமனை. சர்க்கரை நோய் விழித்திரையின் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது ஆரம்பத்தில் பார்வையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரிய வரும்போது பலருக்குக் காலம் கடந்திருக்கும். கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொடுத்து ஒரு நிரலைப் பழக்கி, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் படங்களில் ஒரு பகுதி அரவிந்த் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளிலிருந்து போனவை. 54 கண் மருத்துவர்கள், ஒரு படத்தை மூன்று முதல் ஏழு தடவை வரை பார்த்து, எது நோய் எது இல்லை என்று குறித்துக் கொடுத்தார்கள். அப்புறம் அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தார்கள். வழக்கமாகப் படம் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு நிரல் சளைக்கவில்லை என்று 2019இல் முடிவு வந்தது.

இதில் எனக்குத் துல்லியத்தைவிடப் பெரிதாகப் படுவது வேறு. நோய் இல்லாதவரைப் பார்த்து ‘இருக்கலாம்’ என்று நிரல் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அவர் ஒரு தடவை கூடுதலாக டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார், அவ்வளவுதான். அதனால் சந்தேகம் வந்தாலே டாக்டரிடம் அனுப்பும்படி அதை அமைக்க முடிகிறது. அனுப்பினால் பார்க்க ஆளும் இருக்கிறார்கள். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கி, காசில்லாதவருக்கும் கதவைத் திறந்து வைத்த அமைப்பு அது.

இனி நெல்லுக்கு வருவோம்.

பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது உங்கள் வயலின் விளைச்சல் இல்லை, வருவாய் கிராமத்தின் சராசரி விளைச்சல். கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, கதிரறுத்து, அடித்துத் தூற்றி எடை போடுவார்கள். இப்போது இதோடு செயற்கைக்கோள் படமும் கணிப்பு நிரலும் சேர்கின்றன. 2023 காரிஃப் பருவத்திலிருந்து நெல், கோதுமை மகசூலை முடிவு செய்யும்போது தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீதப் பங்கு கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்தது.

நான் இதை எதிர்க்கவில்லை, வரவேற்கிறேன். சம்பா பயிர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும். மேகத்தைத் தாண்டி நிலத்தைப் பார்க்க ரேடார் செயற்கைக்கோளால் முடியும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் நெல் பரப்பையும் விளைச்சலையும் அந்தப் படங்களைக் கொண்டு கணித்து வருகிறது. கேள்வி, கணித்ததை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதுதான்.

பெரியாறு கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அந்த ஒருபோகத்திலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவது அணையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே கிராமத்தில் போர்வெல் வைத்திருப்பவர் வயல் விளைந்து நிற்கும், கண்மாயை நம்பியவர் வயல் பதராகப் போயிருக்கும். சராசரி போட்டால் கிராமத்துக்குப் பெரிய நஷ்டமில்லை என்று வரும். என் சித்தப்பாவுக்கு ஒரு வருஷம் இதுதான் நடந்தது. கதிர் வந்த நேரத்தில் தண்ணீர் நின்று, வயலில் பாதிக்கு மேல் பதர். இழப்பீடு கிடையாது என்றார்கள். எந்தெந்த சர்வே எண்ணில் அறுத்து எடை போட்டீர்கள் என்று நடையாய் நடந்து கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை.

வயல் வாரியாக இத்தனை மூட்டை என்று வானத்திலிருந்து சொல்வது இன்றைக்கும் சிரமம். ஆனால் கிராமத்தில் எந்தப் பக்கம் காய்ந்தது என்று பிரித்துக் காட்ட செயற்கைக்கோளால் முடியும். அந்தத் திறமையைக் கடைமடைக்காரரைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தாமல், பழைய சராசரியை இன்னும் வேகமாகப் போடுவதற்கு மட்டும் பயன்படுத்தினால் அது அநியாயம். கண் பரிசோதனையில் நிரல் தப்புச் செய்தால் அடுத்து ஒரு டாக்டர் இருக்கிறார். இங்கே தப்புச் செய்தால் சித்தப்பா யாரிடம் போவார்?

எந்தக் குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறையும் என்று நிரலை வைத்துக் கணிப்பதிலும் எனக்கு இதே கவலைதான். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. எந்தக் குழந்தை அடுத்து நலியும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லதுதான். ஆனால் நிரல் கற்பது அங்கன்வாடி டீச்சர் எழுதும் எடையையும் உயரத்தையும் வைத்து. ஆயிரம் வேலைக்கு நடுவில், பழுதான எடை மிஷினில் போட்ட எண்ணைக் கொடுத்தால் அதுவும் பழுதைத்தான் படிக்கும். அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று சொல்ல வேண்டிய ஒரு நிரல், நோயின் தீவிரத்துக்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணித்தது. செலவழிக்க வழியில்லாமல் இருந்த கறுப்பின நோயாளிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். 2019இல்தான் அது ஆய்வில் வெளிவந்தது.

இன்னொன்று. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், ஒரு மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. எந்தப் பிள்ளைக்குப் பசிக்கும் என்று யாரும் கணிக்கவில்லை, உட்கார்ந்த எல்லோருக்கும் தட்டு வைத்தார்கள். எல்லோருக்கும் கொடுக்க முடிகிற இடத்தில் சல்லடையோடு யாரும் வர வேண்டாம்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மகசூல் மதிப்பீட்டை இறுதி செய்யும் முன், எந்த சர்வே எண்களில் அறுத்தார்கள், எடை எவ்வளவு வந்தது, செயற்கைக்கோள் கணிப்பு என்ன சொன்னது, இந்த மூன்றையும் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். ஆட்சேபம் சொல்ல 15 நாள் கொடுங்கள். ஆட்சேபம் வந்த வயலுக்கு ஒரு ஆளை அனுப்பிப் பாருங்கள். மார்ச் 22 கிராம சபை நம் பக்கம் சம்பா அறுப்பு முடிந்த கையோடு வருகிறது. அதில் இதை வாசிக்கச் சொல்லி, மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்து நண்பர்கள் இப்போதே மனு எழுதுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.