கோர்ட்டுக்கு மேலே புதுப் பெயின்ட், அடியில் அதே விரிசல்

மாதக்கணக்கில் பூட்டி வைத்திருந்துவிட்டு எங்கள் கிளப்பின் டென்னிஸ் கோர்ட்டைத் திறந்துவிட்டார்கள். நீலமும் பச்சையுமாகப் பளபளவென்று இருக்கிறது. ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பியாகிவிட்டது. அப்புறம் முதல் மழை வந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், இத்தனை வருடமாகப் பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் எந்த இடத்தில் தண்ணீர் நின்றதோ அதே இடத்தில் அப்படியே நிற்கிறது. வயிறு எரிகிறது.

எதற்காகப் பணம் கட்டினோம்? சந்தாவுக்கு மேலே சீரமைப்பு நிதி என்று தனியாக வசூலித்தார்களே, அது தண்ணீர் நிற்கிறது, விரிசல் விட்டிருக்கிறது, கால் வழுக்குகிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்த புகார்களுக்காகத்தானே? நிறம் பிடிக்கவில்லை என்று ஒருவர்கூடப் புகார் கொடுக்கவில்லை. மாற்றியது நிறத்தை மட்டும்.

தண்ணீர் தேங்குவது கண்டுபிடிக்க முடியாத நோயா என்ன? திறந்தவெளி கோர்ட் முழுக்க ஒரே பக்கமாக, 100-க்கு 1 என்ற கணக்கில் சரிவு வேண்டும். சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்து 18 மீட்டர் அகலம் என்றால், ஒரு ஓரம் இன்னொன்றைவிட 18 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். ஆடுகிறவர் காலுக்கு அது தெரியாது, தண்ணீர் தானாக ஓடிவிடும். இது சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவியும் வேண்டாம். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கோர்ட் முழுக்கத் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் வடிய விட்டு, எங்கே மிச்சம் நிற்கிறது என்று பார்த்தால் போதும். ஒரு நாணயத்தைப் போட்டால் அது மூழ்குகிற ஆழம் இருந்தால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, கலவை போட்டு நிரவி, அதற்குப் பிறகுதான் பூச்சுக்கே வர வேண்டும். ஒரு காலைப்பொழுது வேலை. அதைச் செய்தீர்களா என்று கேட்டதற்கு, 'கான்ட்ராக்டர் எல்லாம் பார்த்துக்கொண்டார்' என்று பதில் வருகிறது. அவர் எதைப் பார்த்தார்?

விரிசல் கதை இதைவிட மோசம். சர்வீஸ் கோட்டுக்கு அருகே குறுக்காக ஓடுகிற அந்த விரிசலை ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். பந்து அதில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. இப்போது அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். நீலத்துக்கு நடுவே நூல் போல ஒரு கோடு, அதில் விரல் நகம் இறங்குகிறது, ஓரத்தில் பூச்சு மேலெழும்பி அடியில் பழைய பச்சை தெரிகிறது. தளம் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கிக்கொண்டே இருக்கும், அடியில் மண் இறங்கினால் அதுவும் இறங்கும். மேலே இருக்கிற மெல்லிய அக்ரிலிக் பூச்சுக்கு அதைப் பிடித்து வைக்கிற பலம் எங்கே இருக்கிறது? விரிசலைச் சுத்தம் செய்து, நிரப்பி, அதன்மேல் வலைத்துணி வைத்து ஒட்டி, பிறகு பூசியிருந்தால்கூடச் சில வருடம் தாங்கியிருக்கும். புண்ணுக்கு மருந்து போடாமல் பவுடர் பூசி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு மூலையில் மட்டும் பழைய கான்கிரீட்டை உடைத்துப் புதிதாகப் போட்டார்கள். சரி, நல்லது என்று நினைத்தோம். கான்கிரீட் முழு பலம் பெற 28 நாள் என்பது கட்டட வேலை பார்க்கிற எவருக்கும் தெரியும். உள்ளே ஈரம் இருக்கும்போது பூசினால் பூச்சு ஒட்டாது, கொப்புளம் கிளம்பும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டோம் என்பதற்காக அந்த நாள்களைக்கூடக் காத்திருக்கவில்லை. இன்று அந்த மூலை முழுக்கக் கொப்புளம்.

வலையைப் பாருங்கள். டென்னிஸ் வலை கம்பத்தில் 1.07 மீட்டர், நடுவில் 0.914 மீட்டர். நடுவில் ஒரு பட்டையைப் போட்டு, தரையில் பதித்த கொக்கியில் மாட்டி இழுத்தால்தான் அந்த உயரம் கிடைக்கும். அந்தக் கொக்கியைப் பூச்சுக்கு அடியில் மூடிவிட்டார்கள்! டென்னிஸ் ராக்கெட்டை ஒருமுறையாவது கையில் பிடித்த ஒருவர் மேற்பார்வை பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா?

உள்ளே பேட்மிண்டன் ஹாலுக்குப் போனால் இன்னும் கோபம் வருகிறது. சுவருக்குப் புத்தம் புது வெள்ளை. ஷட்டில் என்ன நிறம்? பின்னணி அடர்நிறமாக இருக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் பாலபாடம். விளக்குகளைக் கோர்ட்டுக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள். உயரமாக வருகிற ஷட்டிலை அண்ணாந்து பார்த்தால் கண் கூசி ஒன்றும் தெரிவதில்லை. பக்கவாட்டில் மாட்டியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அதே ஹாலில், துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை மட்டையால் அடித்து ஆடுகிற பிக்கிள்பாலுக்கும் கோடு போட்டிருக்கிறார்கள். அதை நான் வரவேற்கிறேன். வயதானவர்கள் நிறையப் பேர் அதற்காகவே கிளப்புக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். 1965-ல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் அந்த ஆட்டம் தொடங்கியதே ஒரு பேட்மிண்டன் கோர்ட்டில்தான், அதனால் இரண்டுக்கும் வெளி அளவு ஒன்று. ஆனால் உள்ளே இருக்கிற கோடு வேறு. பேட்மிண்டனின் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து 1.98 மீட்டர். பிக்கிள்பாலில் வாலி, அதாவது பந்து தரையில் படுமுன்பே அடிப்பது, கூடாத பகுதியின் கோடு 2.13 மீட்டர். நடுவே 15 சென்டிமீட்டர்தான் இடைவெளி. இரண்டையும் வெள்ளையிலேயே போட்டிருக்கிறார்கள்! ஒன்றை மஞ்சளாக்கினால் தீர்ந்த விஷயம். இதனால் தினமும் சண்டை. நண்பர்களாக இருந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இத்தனைக்கும் எல்லாக் கோர்ட்டையும் ஒரே நேரத்தில் பூட்டினார்கள், அதுவும் பிள்ளைகளின் விடுமுறையில். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டிருக்கலாமே? பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை. எங்களோடு இரட்டையர் ஆடுகிற ஒரு பெரியவர், புதுக் கோர்ட் என்று ஆசையாக வந்து, ஈரம் காயாத அந்த இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பூச்சில் மணலைச் சரியான அளவில், சீராகக் கலந்திருந்தால் கால் பிடித்திருக்கும். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

கமிட்டியில் கேட்டால் இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குப் புரியாது என்கிறார்கள். புரிகிறது ஐயா. தினமும் அந்தத் தரையில் ஓடுகிறவர்களுக்கு நன்றாகவே புரிகிறது. வேலை தொடங்கும் முன் ஆடுகிறவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணை இன்னும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். உறுப்பினர்கள் முன்னிலையில் கோர்ட்டில் தண்ணீர் விட்டுப் பார்க்காமல், விரிசலையும் கொப்புளத்தையும் அவர் செலவிலேயே சரிசெய்யாமல், அந்தப் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்று மனு எழுதி ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டும்படியும் அதில் கேட்டிருக்கிறேன். உறுப்பினர்கள் எல்லோரும் பொதுக்குழுவுக்கு முன்னால் போய்க் கையெழுத்துப் போடுங்கள்.