பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள்

மன்னிப்பு என்று பேச்செடுத்தாலே "மனசு வரணுமே" என்கிறோம். மனசு ஆறட்டும், பயம் போகட்டும், அப்புறம் போய்ப் பேசலாம் என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போடுகிறோம். ஆனால் வேதத்தில் அப்படிப் பயமெல்லாம் தீர்ந்த பிறகு கிளம்பிப்போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

யாக்கோபையே எடுத்துக்கொள்ளுங்கள். தான் ஏமாற்றிவிட்டு ஓடிவந்த அண்ணன் ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று கேட்டதும் நடுங்கிப்போனான். ஜெபித்தான், காணிக்கைகளை முன்னே அனுப்பிவிட்டு, தான் பின்னால் தங்கினான், இரவெல்லாம் தேவதூதனோடு போராடி, தொடை சுளுக்கி, ஆசீர்வாதமும் வாங்கினான். சரி, விடிந்ததும் பயம் போய்விட்டதா? இல்லை. பிள்ளைகளைத் தாய்மாரோடு வரிசையாகப் பிரித்து நிறுத்துகிறான், அது பயந்தவன் செய்கிற காரியம்தான். ஆனால் நேற்றுவரை கடைசியில் நின்றவன் இன்று, சுளுக்கிய தொடையோடு, எல்லோருக்கும் முன்னால் நடந்துபோகிறான். கர்த்தர் கொடுத்த தைரியம் என்று நான் சொல்வது இதைத்தான். ஏசாவோ ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதான்.

நெதர்லாந்து நாட்டுக் கிறிஸ்தவரான கோரி டென் பூம் என்ற பெண்மணி, நாசி முகாமில் அக்காவைப் பறிகொடுத்தவர். 1947இல் ஜெர்மனியில் ஒரு ஆலயத்தில் தேவனுடைய மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும், அதே முகாமில் காவலாளியாக இருந்த ஒருவன் வந்து கையை நீட்டினான். அவருக்குக் கை எழவில்லை. இயேசுவே உதவி செய்யும் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டு, எந்த உணர்வும் இல்லாமலேதான் கையை நீட்டியதாகச் சொல்லியிருக்கிறார். அன்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிபட்டவரிடம் போய் "நீ கிறிஸ்தவன்தானே, மன்னிச்சிடு" என்று வாயை அடைப்பது விசுவாசமே இல்லை, அது இன்னொரு அடி. 1999இல் ஒடிசாவில் தன் கணவரையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை ஆஸ்திரேலிய மிஷனரியான கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார், தொழுநோயாளிகளுக்கான ஊழியத்தையும் விடவில்லை. ஆனாலும் வழக்கு நடந்தது, தண்டனையும் வந்தது. மன்னித்தால் பழையபடி ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. யாக்கோபும் ஏசாவும் கட்டிப்பிடித்து அழுத பிறகு, ஒருவர் சேயீருக்கும் மற்றவர் சுக்கோத்துக்கும்தான் போனார்கள். கொடுமை செய்தவரிடம் திரும்பிப் போகச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள்.

நான் பேசுவது அந்த ஆபத்து இல்லாத, வெறும் வீம்பில் நிற்கிற உறவுகளைப் பற்றி. ஆலயத்தில் திருவிருந்துக்கு முன் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும்போது, முன்வரிசை பின்வரிசை என்று எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு, ஒரே ஒரு ஆள் பக்கம் மட்டும் திரும்பாமல் பாட்டுப்புத்தகத்தைப் புரட்டுகிறோமே, அந்த உறவைத்தான் சொல்கிறேன். காணிக்கையை பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது, உன்மேல் குறை உள்ள சகோதரனிடம். யார்மேல் தப்பு என்ற கணக்கு முடியும்வரை இரு என்று அவர் சொல்லவில்லை.

போன் போடுங்கள். முதல் நாளே பழைய விஷயத்தை எல்லாம் பேசித் தீர்க்க வேண்டியதில்லை. "எப்படி இருக்கீங்கண்ணே" என்று கேட்டுவிட்டு அவர் பேசட்டும் என்று விடுங்கள். அவர் போனை எடுக்காவிட்டால் அவருக்காக ஜெபித்துவிட்டு அடுத்த வாரம் திரும்பக் கூப்பிடுங்கள்.